சூடே ஆகாத கார்

எங்கள் காரைப் பற்றி என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. அது சூடே ஆகாது. குன்னூர் மலைப்பாதையில் ஏறி வரும்போது வளைவுக்கு வளைவு ஏதாவது ஒரு கார் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கீழே இருந்து சுற்றிப் பார்க்க வந்த குடும்பம் ஓரக்கல்லில் உட்கார்ந்து பிஸ்கட் தின்னும். அப்பாக்காரர் தண்ணீர் பாட்டிலோடு முழித்துக்கொண்டு நிற்பார். இவர் சரியாக அந்த இடத்தில்தான் வண்டியை மெதுவாக்குவார். சூட்டைக் காட்டும் முள்ளின் மேல் விரலால் ஒரு தட்டு தட்டி, "பாத்தியா, தூங்குது" என்பார். அந்த முள் அடிக்கோட்டை விட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லை. ஏதோ நானே இன்ஜினைச் செய்து கொடுத்த மாதிரி நானும் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

மலையில் இருக்கிற எங்களுக்கெல்லாம் இந்தக் கிறுக்கு உண்டு. ஏறும்போது கொதிக்காத வண்டி நல்ல வண்டி. அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் அறிவியல் டீச்சர். இத்தனை வருஷம் அரசுப் பள்ளியில் ஏழாவது எட்டாவது பிள்ளைகளுக்கு வெப்பம், விரிவு, சுருக்கம் என்று தொண்டை வற்றக் கத்தியவள். இவ்வளவு தூரம் ஏறியும் ஓர் இன்ஜின் சூடாகவில்லை என்றால் அதற்கு உடம்பு சரியில்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. தோன்றுவதற்கு இவருடைய உடம்பு கெட வேண்டியிருந்தது.

இவர் ஊட்டிப் பக்கம் எமரால்டு என்ற ஊரை ஒட்டிய எஸ்டேட் ஒன்றில் டீ மேக்கராக இருந்தவர். பச்சை இலை ஃபேக்டரிக்குள் வந்ததிலிருந்து தூளாகிச் சாக்கில் ஏறும் வரை இவர் பொறுப்பு. ரிட்டயர்டு ஆனதும் எமரால்டிலேயே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டோம். போன வருஷம் இவருக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. வாரத்துக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும், ஊட்டியில் டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் சுத்தம் பண்ணித் திரும்ப உடம்புக்குள் அனுப்ப நாலு மணி நேரம் ஆகும். மகள் சென்னையில் இருக்கிறாள், இங்கே வந்துவிடுங்கள் என்று தினமும் போனில் சண்டை. இவர் அசையவில்லை. கை நடுங்கும் மனுஷன் ஓட்ட முடியாதே என்று நான்தான் ஐம்பத்தெட்டு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். முதல் மாதம் எனக்குப் பின்னால் வந்த கேரட் லாரிக்காரர்கள் என்னை என்ன திட்டினார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

டயாலிசிஸை இவர் பொறுத்துக்கொண்டார். ஊசியைப் பொறுத்துக்கொண்டார், தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னதைக்கூட முனகிக்கொண்டே பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது திரும்பி வரும் அந்த ஒரு மணி நேரம். மெஷினை விட்டு இறங்கினால் இவருக்கு நடுக்கம் எடுக்கும். அதிலும் ஆடி மாதம். காற்றும் சாரலும் சேர்ந்து அடிக்க, ஊட்டியிலிருந்து எமரால்டு வரைக்கும் பாதி வழி இறக்கம், கண்ணாடியெல்லாம் புகை மூடி, நான் ஒரு கையால் துணி வைத்துத் துடைத்துக்கொண்டே ஓட்டுவேன். பக்கத்தில் இவர் பற்கள் கடகடவென்று அடித்துக்கொள்ளும். சுடுதண்ணீர்ப் பை வைத்தேன், வழியில் பாலாடா வருவதற்குள் ஆறிவிடும். டாக்ஸி சொல்லவா என்றேன். ஒருமுறை டாக்ஸியில் வாந்தி எடுத்துவிட்டு அந்த டிரைவரிடம் இவர் கூனிக் குறுகி மன்னிப்புக் கேட்டதை நானே பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு திங்கட்கிழமை, பாலாடா தாண்டியதும் சொன்னார்.

"டீச்சர், அந்த மெசின்ல நாலு மணி நேரம் கெடக்கறதுகூடப் பரவால்ல. இந்தக் குளுருதான் என்னால ஆகாது. இதோட உட்ருவோம்."

இவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கல்யாணமான நாளிலிருந்து.

"உட்ருவோம்னா?"

"உட்ருவோம்னா உட்ருவோம்தான். ஊட்லயே கம்பளியப் போத்திக்கிட்டுக் கெடக்கறேன். எத்தன நாளோ அத்தன நாள்."

எத்தனை நாள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். நிறுத்தினால் நாட்கணக்குதான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். நான் வண்டியை ஓரம் கட்டவில்லை. ஓரம் கட்டினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்து, "வாயை மூடிக்கிட்டு வாங்க" என்று கத்திவிட்டு ஓட்டினேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும், அது என் சுபாவம்.

அன்றைக்குத்தான் ஹீட்டர் ஞாபகம் வந்தது. எங்கள் காரில் ஹீட்டர் உண்டு. ஆனால் அதைப் போட்டால் தூக்கம் வரும், கண் எரியும் என்று இவர் பல வருஷமாக யாரையும் தொடவிட்டதில்லை. நாங்களும் ஸ்வெட்டரோடு பிறந்த ஜனங்கள், கேட்டதில்லை. வீடு வருவதற்கு முன்னால் அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் முழுசாகத் திருப்பி, ஃபேனைப் போட்டேன். உஸ்ஸென்று பச்சைக் குளிர் காற்று வந்து இவர் முழங்காலில் அடித்தது.

"அம்மா தாயே, கொல்லாதே" என்றார்.

புதன்கிழமை காரை எடுத்துக்கொண்டு பாலாடாவுக்குப் போனேன். கேரட் கழுவும் இடத்தைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகைதான் மெக்கானிக் ஷாப். அந்த மெக்கானிக் என்னிடம் எட்டாவது படித்தவர். அறிவியலில் முட்டை வாங்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இப்போது நாற்பது வயது, தலையில் நரை, நாலு ஊரு வண்டிகள் அவர் வாசலில் நிற்கின்றன. என்னைப் பார்த்தால் இன்னமும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"ஹீட்டர்ல அடைப்பா இருக்குமுங் டீச்சர்" என்று சொல்லி, ஹீட்டருக்குள் சுடுதண்ணீர் போய்வரும் குழாய்களைக் கழற்றி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். துருத் தண்ணீர் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். வியாழக்கிழமை இவரிடம், "இன்னைக்குப் பாருங்க, அடுப்புப் பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கும்" என்று வாக்குக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது அதே பச்சைக் காற்று. இறக்கத்தில் அதைவிட மோசம். வீட்டு வாசலில் இறங்கும்போது, "இதுதான் கடைசி, கண்ணு" என்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் இவரையும் உட்காரவைத்துக்கொண்டு மறுபடி அந்தக் கொட்டகைக்குப் போனேன். தனியாக வீட்டில் விட எனக்கு மனசில்லை. மெக்கானிக் இவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மேலே தன் ஜெர்கினையும் போர்த்திவிட்டு, காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், இந்த முள்ளு எப்பவுமே இப்படித்தானுங்களா கெடக்கும்?"

"ஆமா, எங்க வண்டி சூடே ஆகாது" என்றேன். அந்த நேரத்திலும் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன், பாருங்கள்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். முட்டை வாங்கியவன் நூறு வாங்கியவளைப் பார்க்கிற பார்வை. இன்ஜின் நன்றாக ஆறட்டும் என்று பேசிக்கொண்டே காத்திருந்துவிட்டு, ஸ்டார்ட் பண்ணி, என் கையைப் பிடிக்காத குறையாக பானெட்டுக்குள் காட்டினார். "இந்த மேல் ஹோஸ் மேல கை வெச்சுக்கங்க. எடுக்காதீங்க."

தடித்த கறுப்புக் குழாய். ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, உள்ளங்கையில் வெதுவெதுப்பு தட்டியது.

"சூடாகுதே, நல்லதுதானே?"

"அதுதானுங் தப்பு. இது இன்ஜின்ல இருந்து ரேடியேட்டருக்குப் போற தண்ணி. இன்ஜின் நல்லா சூடாகுற வரைக்கும் இங்க ஒரு பொட்டுச் சூடு வரக்கூடாது. நடுவுல ஒரு கதவு இருக்குதுங், தெர்மோஸ்டாட்டுன்னு. தண்ணி சூடு ஏறுனாத்தான் தொறக்கும், ஆறுனா மூடிக்கும். உங்க வண்டில அது தொறந்தே கெடக்குது. இன்ஜின் சூட்டை உண்டாக்க உண்டாக்க, ரேடியேட்டர் அதை ஆடிக் காத்துல கொண்டுபோய்க் கொட்டுது. அப்பறம் ஹீட்டருக்கு எங்கிருந்துங் சூடு வரும்?"

"அந்தக் கதவை யார் தொறக்கறா?"

"உள்ள மெழுகு இருக்குதுங். சூடானா விரியும், விரிஞ்சா கதவைத் தள்ளும்." அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்கதானுங்களே நடத்துனீங்க" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது.

தண்ணீரை ஒரு பேசினில் வடித்துவிட்டு, ஹோஸ் இன்ஜினோடு சேரும் இடத்தில் இருந்த மூடியைக் கழற்றினார். ரெண்டே போல்ட்டு. மூடியைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"டீச்சர், தொறந்து கெடக்கலீங். கதவே இல்லீங். யாரோ புடுங்கிப் போட்டுட்டாங்க."

எனக்கு வந்ததே கோபம். நாலு நாளாக உள்ளே அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. "எவன் அவன்? எந்தக் கூறுகெட்டவன்? எங்கயாவது சர்வீசுக்கு உட்டப்ப எந்தக் கடங்காரனோ கழட்டி எறிஞ்சிருக்கான். அறிவு வேண்டாம்? அவன் வெளங்குவானா? ஒரு மனுசன் இங்க குளுர்ல உசுரையே வேண்டாங்கறாரு, அவன் எங்கயோ சொகமா உக்காந்து சோறு திங்கறான்" என்று கேரட் கழுவுகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

நாற்காலியில் இவர் செருமினார்.

"டீச்சர், கொஞ்சம் கொறைச்சுத் திட்டு. அது நான்தான்."

மெக்கானிக் நல்ல மனுஷன். "டீ சொல்லிட்டு வந்தர்றனுங்க" என்று நழுவிவிட்டார்.

பல வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள், கோயம்புத்தூரில். தையல் காயாமலே வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஏறி வரும் வழியில் மரப்பாலம் பக்கத்தில் இதே கார் கொதித்து நின்றது. ரெண்டு மணி நேரம் நான் ஓரக்கல்லில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் முகத்தைப் பார்க்காமல் தண்ணீருக்கு அலைந்துகொண்டிருந்தார். ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது. நான் அடம்பிடித்ததில் இவருக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன், இத்தனை வருஷமும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ உக்காந்திருந்த கல்லுல ரத்தம் இருந்துச்சு" என்றார். "நீ பாக்கல. நான் பாத்தேன். வண்டி கெளம்பாமப் போச்சுன்னா என்ன பண்றதுன்னு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அடுத்த வாரம் ஃபேக்டரிக்கு லோடு எடுக்க வந்த லாரிக்காரர்கிட்டச் சொன்னேன். அந்தத் தெர்மோஸ்டாட்டப் புடுங்கி எறிஞ்சிருங்க, ஆயுசுக்கும் கொதிக்காதுன்னாரு. அன்னைக்கே ஃபேக்டரிக்குப் பின்னால வெச்சு நானே கழட்டிட்டேன். அப்பறம் ஒருநாளாச்சும் நின்னுச்சா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பாடம் நடத்துவே."

நடத்தியிருப்பேன். கட்டாயம் நடத்தியிருப்பேன். ஹீட்டரைத் தொடக்கூடாது என்று இவர் சட்டம் போட்டதெல்லாம் எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. ஹீட்டர் சுடாதது தெரிந்தால் நான் தோண்டித் துருவிக் கண்டுபிடித்து அதைத் திரும்ப மாட்டிவிடுவேன், வண்டி மறுபடி வழியில் நின்றுவிடும் என்ற பயம். நான் எங்கேயும் வழியில் நின்றுவிடக் கூடாது என்று கழற்றி எறிந்ததுக்கு, இந்த மனுஷன் இப்போது வாரம் ரெண்டு நாள் நடுங்கிக்கொண்டு கிடக்கிறார். எனக்கு இவரை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்க வேண்டும் போலவும் இருந்தது. பாலாடா ரோட்டில் எதுவும் செய்ய முடியாது. ஜெர்கினை இழுத்துக் கழுத்துவரை மூடிவிட்டேன்.

"கிறுக்கு மனுசன்" என்றேன்.

"அதான் நாலு ஊருக்குக் கேக்குற மாதிரி சொல்லிட்டியே" என்றார்.

எங்கள் வண்டிக்கான தெர்மோஸ்டாட் ஊட்டியில் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து பஸ் பார்சலில் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. இவர் வரவில்லை என்று படுத்துக்கொண்டார், பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் போனேன். பித்தளையும் ஸ்பிரிங்குமாக, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சாமான். இதற்காகவா இத்தனை பாடு என்று இருந்தது.

"மாட்டறதுக்கு முன்னால சோதிச்சுப் பாத்துரலாமுங்" என்றார் மெக்கானிக். பக்கத்து டீக்கடையில் ஒரு பழைய குண்டா வாங்கி வந்து தண்ணீர் வைத்தோம். மூடியிருந்த கதவின் இடுக்கில் ஒரு நூலைச் செருகி, அந்த நூலைப் பிடித்துத் தெர்மோஸ்டாட்டைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். கதவு இறுக்கமாக இருக்கும் வரை நூல் பிடித்திருக்கும், திறந்தால் விழுந்துவிடும். டீக்கடைக்காரர், கேரட் மூட்டைக்காரர் ரெண்டு பேர், நான் என்று எல்லாரும் குண்டாவைச் சுற்றி நின்றோம். தண்ணீரில் ஆவி வந்தது. விழவில்லை. ஓரத்தில் குமிழ் கட்டியது. விழவில்லை. ஆண்டவரே, இதுவும் கெட்டுப்போனதா என்று நினைத்தேன். கொதிக்கிற சமயத்தில் 'டொக்' என்று குண்டாவின் அடியில் விழுந்தது. டீக்கடைக்காரர் கைதட்டிவிட்டார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது.

பழைய பசையைச் சுரண்டி, புதுக் கேஸ்கெட் வைத்து, காற்றுப் போகும் சின்ன ஓட்டை மேல் பக்கம் வருகிற மாதிரி தெர்மோஸ்டாட்டை உட்காரவைத்து மூடினார். பச்சை நிறக் கூலன்ட்டை ஊற்றி, உள்ளே மாட்டியிருந்த காற்றெல்லாம் குமிழ் குமிழாக வெளியேறும் வரை இன்ஜினை ஓடவிட்டார். நான் டிரைவர் சீட்டில் இருந்தேன். முள் எழுந்தது. நான் பார்க்க முதல்முறையாக அது எழுந்தது. கால்வாசி, அப்புறம் பாதி. "ஐயோ, கொதிக்குது, கொதிக்குது" என்று சாவியைத் திருகி அணைத்துவிட்டேன். மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அங்கதானுங் டீச்சர் நிக்கணும்! நடுவுலதான் அதுக்கு எடம்!" மறுபடி போட்டேன். முள் நடுவில் வந்து நின்றது, அதற்கு மேல் நகரவில்லை.

திங்கட்கிழமை காலையில் இவர் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கால் ரெண்டும் வீங்கியிருந்தது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க. இன்னைக்கு ஒருநாள் வாங்க. திரும்பி வரும்போது உங்களுக்குக் குளுந்துச்சுன்னா, அப்பறம் நான் வாயே தொறக்க மாட்டேன். நீங்க சொல்றபடியே ஆகட்டும்."

"நெசமாவா?"

"நெசமா."

சொல்லிவிட்டேனே ஒழிய, எழுந்து சமையலறைக்குப் போய் அழுதேன். நான் எதைப் பணயம் வைத்திருக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

போகும்போது ஹீட்டர் நன்றாகவே வந்தது. இவர் அதைக் கண்டுகொள்ளவில்லை, கண்ணெல்லாம் முள்ளின் மேல்தான். "எந்திரிச்சு நிக்குது டீச்சர், எந்திரிச்சு நிக்குது" என்று ஊட்டி வரைக்கும் ஒரே பாட்டு. எனக்குத் தெரியும், போகிறபோது கணக்கே இல்லை. மெஷினை விட்டு இறங்கிய பிறகுதான் கணக்கு.

மத்தியானம் நர்ஸ் இவரை வாசல்வரை பிடித்துக்கொண்டு வந்தார். உதடு நீலம் பாய்ந்து, நடுக்கம் ஆரம்பித்துவிட்டது. உள்பனியன், ரெண்டு ஸ்வெட்டர், கோட்டு, மஃப்ளர், குரங்குக் குல்லா, மேலே கம்பளி என்று ஒரு மூட்டையாகத்தான் உட்காரவைத்தேன். சாரல் குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. வண்டியை ஊருக்கு வெளியே கொண்டுவருவதற்குள் காற்று சுட ஆரம்பித்தது. ஆனால் எனக்குப் பயம் இறக்கத்தைப் பற்றி. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் சும்மா உருளும், சூடு உண்டாகாது, போன வியாழன் அங்கேதான் தோற்றோம். இறக்கம் வந்தது. காலை எடுத்தேன். முள்ளைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன், முள்ளைப் பார்த்தேன். அது நடுவிலேயே நின்றது. உள்ளே அந்தக் கதவு மூடிக்கொண்டு, இருக்கிற சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடியில் புகைகூட இல்லை.

இவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எப்படி இருக்கு என்று கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டு, குளுருது என்று சொல்லிவிட்டால்? பாலாடா போனது. பல் அடிக்கிற சத்தம் நின்றிருந்தது. தூங்குகிறாரா, பேச விருப்பமில்லாமல் கண்ணை மூடியிருக்கிறாரா, தெரியவில்லை. எமரால்டுக்கு இன்னும் பாதி வழி இருக்கும்போது கம்பளி என் கியர் மேல் வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மஃப்ளர். அப்புறம் குல்லா. நான் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"டீச்சர்."

"ம்."

"அதக் கொஞ்சம் கொறை. வேகுது."

நான் வண்டியை ஓரம் கட்டினேன். ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு, சத்தம் வருகிறதா இல்லையா என்றெல்லாம் பார்க்காமல் அழுதேன். பின்னால் ஒரு கேரட் லாரி ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது. இவர் கை என் முதுகில் இருந்தது. ஊசி போட்டுக் கட்டுப்போட்ட கை, நடுங்காத கை.

"கொறைக்க மாட்டேன்" என்றேன்.

"சரி, கொறைக்காதே" என்றார். கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே, "வியாழக்கிழமை இத்தன துணி வேண்டாம். ஒரு ஸ்வெட்டர் போதும்" என்றார்.